தலைவர் முன்னின்று நடத்திய கல்யாணம்

தலைவரே, என் அக்காவின் வாழ்க்கையை அழித்தவர் நீங்கள்தான். விதி என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். ஊர் வாய் என்றும் சொல்ல வேண்டாம். ஊர் உங்களுக்குக் கூடமாட உதவி செய்தது, அவ்வளவுதான். செய்தவர் நீங்கள்.

எனக்கு நயமாக எழுத வராது. துணி தைக்கிறவள் நான். காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன மாதம், ஓட்டலாக மாற்றப்பட்ட ஒரு பெரிய வீட்டுக்கு மெத்தை உறைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே நுழைந்ததும் வலது பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு என் அக்கா நின்றாள். மணப்பெண் கோலம். கத்தரிப்பூ நிற ரவிக்கை, இடக்கையில் பார்டர் கொஞ்சம் ஏறி இருக்கும். நான் தைத்த ரவிக்கை, அவசரத்தில் தைத்தது, அதனால் தெரியும். கழுத்தில் மஞ்சள் கயிறு. தலை குனிந்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் தங்க வார் கடிகாரம் கட்டிய ஒரு கை மட்டும் விழுந்திருக்கிறது. அந்தக் கை அக்காவின் பின்னலைக் கழுத்திலிருந்து ஒதுக்கிப் பிடித்திருக்கிறது, கயிறு காமிராவுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று. கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதி இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பையன், "செட்டிநாட்டுக் கல்யாணப் பொண்ணும்மா. அந்தக் காலத்துல எடுத்தது. வர்ற ஃபாரினருக எல்லாரும் இது பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பாங்க" என்றான். நானும் கொஞ்ச நேரம் நின்றேன். அக்கா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை.

இனி வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் தலைவர் என்றால் ஒருவர்தான். புதுவயலில் அவருக்கு அரிசி மில் இருந்தது. காரைக்குடியில் பஸ் ஓடியது. எந்தக் கமிட்டி வைத்தாலும் அவர்தான் தலைவர், அதனால் பெயரே தலைவர் ஆகிவிட்டது. என் அப்பா அவருடைய மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தார். அறுபதுகளில் அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலத்தில் மில்லில் வேலை என்றால் வீட்டில் கஞ்சிக்குப் பஞ்சமில்லை. குருணை கிடைக்கும், தவிடு கிடைக்கும். அந்தக் குருணைக்கு எங்கள் வீடு பட்ட நன்றிக்கடன் இருக்கிறதே, அதை நான் கண்ணால் பார்த்தேன். தலைவரின் கார் எங்கள் தெருவைத் தாண்டிப் போனாலே அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பார். காரில் தலைவர் இருக்கிறாரா, வெறும் டிரைவர்தானா என்று கூடப் பார்க்க மாட்டார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தலைவர் ஒரு புது வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அந்நியச் செலாவணி. மெட்ராஸில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து கோயில் கூட்டமானாலும் பள்ளிக்கூட ஆண்டு விழாவானாலும் அதையே பேசினார். "நம்ம நாட்டுல நெல்லு விளையுது, பருத்தி விளையுது. டாலர் விளையுதா? விளையாது. எண்ணெய் வாங்கணும்னாலும் உரம் வாங்கணும்னாலும் டாலர்தான் கேக்குறான். அந்த டாலரை வெள்ளைக்காரன் பையில வச்சுக்கிட்டு ஊர் சுத்த வாரான். அவன நம்ம ஊருக்குக் கொண்டாந்துட்டா நம்ம நாடு தலையெடுத்துரும்" என்பார். கேட்டவர்கள் கை தட்டினார்கள். என் அம்மா மட்டும் வீட்டுக்கு வந்து, "அதென்னங்க அது, செல்லாக்காசா?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா அவளை அதட்டினார். பிறகு வெகு காலம் எனக்கு அம்மா கேட்டதுதான் சரி என்று தோன்றியிருக்கிறது.

கமிட்டி போட்டார்கள். சுற்றுலா வளர்ச்சிக் கமிட்டி. தலைவர் தலைவர். மதுரைக்கு வருகிற வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி இங்கே கொண்டுவந்தார்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீடு ஒன்றைத் திறந்து காட்டினார்கள். அவர்களும் தூணைப் பார்த்தார்கள், பளிங்குத் தரையைப் பார்த்தார்கள், கூரையில் தொங்கிய வௌவாலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு இருட்டுவதற்கு முன் மதுரைக்கே திரும்பிவிட்டார்கள். சாப்பாடும் அங்கே, தங்கலும் அங்கே. தலைவருக்கு இது பொறுக்கவில்லை. ஆளில்லாத வீட்டை எவ்வளவு நேரம் பார்ப்பான், ஒரு நாள் முழுக்க அவனை உட்கார வைக்க ஏதாவது வேண்டும் என்று யோசித்தார்கள். அப்போது மெட்ராஸ் அதிகாரி ஒருவர் சொன்னாராம்: கல்யாணம். செட்டிநாட்டுக் கல்யாணத்தைப் பார்க்கக் கிடைத்தால் வெள்ளைக்காரன் ராத்திரி தங்கிக்கூடப் பார்ப்பான்.

அதில் ஒரு சிக்கல். வெள்ளைக்காரர்கள் வருவது குளிர் காலத்தில், அவர்கள் ஊர்ப் பண்டிகை லீவில். அது நமக்கு மார்கழி. மார்கழியில் எந்த வீட்டில் கல்யாணம் நடக்கும்? நடக்காது. ஆகவே நடத்திவிடுவது என்று முடிவு செய்தார்கள். வீடு இருந்தது. மேளக்காரர்கள் கிடைத்தார்கள். மாப்பிள்ளைக்குத் தலைவரின் பஸ் கம்பெனியில் செக்கராக இருந்த ஒருவரைப் பிடித்தார்கள், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். பெண் மட்டும் கிடைக்கவில்லை. கமிட்டியில் இருந்த எல்லோர் வீட்டிலும் பெண் இருந்தது. ஒருவரும் கொடுக்கவில்லை. தலைவருக்கும் அப்போது கல்யாண வயதில் மகள் இருந்தாள். இதை எழுதி வைக்க விரும்புகிறேன்: இருந்தாள், நல்ல அழகாகவும் இருந்தாள். நாட்டுக்காக அவளை உட்கார வைக்கத் தலைவருக்குத் தோன்றவில்லை.

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன என் அக்காவை மில் வாசலில் பார்த்துவிட்டுத்தான் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கேட்டார் என்று எழுதினால் பொய். சொன்னார். "உம்ம மூத்தவ நல்ல களையா இருக்காள்ல? சும்மா நாடகந்தான், ஒரு நாள் பொழுது வந்து உக்காந்துட்டுப் போகட்டும். நாட்டுக்குச் செய்யுற ஒத்தாசைய்யா இது." அப்பா கையைப் பிசைந்துகொண்டு, கல்லலில் ஒரு இடத்தில் அவளுக்குப் பேசி முடித்திருக்கிறது, தையில் பரிசம் போடப் போகிறார்கள் என்றார். தலைவர் சிரித்தார். "அப்பச் சரியாப் போச்சு. இங்க உக்காந்து பழகிக்கிறட்டும். தையில உம்ம மக கல்யாணத்தை நானே முன்ன நின்னு நடத்தி வைக்கிறேன், போதுமா?" அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. முதலாளியே முன்னின்று நடத்தி வைக்கிறார்! கல்லல் மாப்பிள்ளையை அக்கா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், பெண் பார்க்க வந்த அன்று. சொந்தமாக ஏர் வைத்து உழுகிறவர். அவர் போன பிறகு, அவர் குடித்து வைத்த மோர்ச் செம்பை அக்கா மற்ற பாத்திரங்களோடு போடாமல் தனியாகக் கழுவினாள். நான் கேலி செய்தேன். விளக்குமாற்றால் அடித்தாள். அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை.

மார்கழியில் அந்த நாள் வந்தது. ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டால் பிடித்துத் தைப்பதற்காக என்னையும் கூட்டிப்போனார்கள். ஊசியும் நூலுமாக அக்காவுக்குப் பின்னால் தூணோரம் நின்றேன். அதனால் நடந்ததை எல்லாம் பார்த்தேன். முற்றத்தில் வாழைமரம், மணவறை, நிறைகுடம், குத்துவிளக்கு எல்லாம் அசலாக இருந்தன. வீட்டின் பின்பக்கம், இரண்டாம் கட்டில் நிஜமான சமையல், ஊர்ப் பெண்கள்தான் சமைத்தார்கள். வெள்ளைக்காரர்களைச் சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இது நிஜக் கல்யாணம், பெரிய மனசு பண்ணி உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தது. ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா, அக்காவுக்கு என்று ஒரு கைக்குட்டையில் பூ வேலை செய்து கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு அக்காவை மனுஷியாக நினைத்து எதையாவது கொண்டுவந்தது அந்தப் பெண் ஒருத்திதான்.

பெரிய வீட்டுக் கல்யாணங்களில் கட்டுவது கழுத்திரு. பொன்னில் செய்த கனத்த மாலை. அதைத்தான் காட்ட வேண்டும் என்று தலைவருக்கு ஆசை. வீட்டுச் சாவியை வைத்திருந்த ஆச்சியிடம் கேட்டார். ஆச்சி பட்டென்று சொல்லிவிட்டாள். "வீட்டைத் தந்தாச்சு, பாத்திரம் பண்டம் தந்தாச்சு. கழுத்திருவக் கேக்காதீக. நாடகத்துக்குக் கட்டுறதா அது? எங்க வீட்டுப் பிள்ளை கழுத்துல மட்டுந்தான் ஏறும்." அந்த ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. தாலியை விளையாட்டுக்குக் கட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் தன் பொன்னைக் காப்பாற்றிக்கொண்டாள், என் அக்காவைப் பற்றி அவளுக்கென்ன? தலைவருக்கு நேரமாகிவிட்டது. "சரி விடுங்க. ஒரு மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சத்துண்டைக் கட்டிக் கொண்டாங்கப்பா. தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு என்ன தெரியப் போகுது. அதென்ன தாலியா?" என்றார்.

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. அவர் வீட்டில் தாலி என்றால் பொன். பொன் இல்லாவிட்டால் அது தாலி இல்லை, வெறும் கயிறு. எங்கள் தெருவில் பாதிப் பேர் கழுத்தில் பொன் ஏறியதே இல்லை. மஞ்சள் துண்டைக் கயிற்றில் முடிந்து கட்டியவர்கள்தான். என் அம்மா கட்டியிருந்ததும் அதுதான். பொன் தாலியைக் கொண்டுவந்து கட்டியிருந்தால்கூட எங்கள் சனம் அது வேஷம் என்று சிரித்துவிட்டுப் போயிருக்கும். அவர் வேஷம் என்று நினைத்துக் கட்டச் சொன்னது எங்களுடைய அசல் தாலி.

செக்கர் கயிற்றைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் கொட்டியது. இரண்டாம் கட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கு நாடகமும் தெரியாது கமிட்டியும் தெரியாது. கெட்டிமேளச் சத்தம் காதில் விழுந்ததும் கை வேலையைப் போட்டுவிட்டுக் குலவை இட்டார்கள். காலம் காலமாகச் செய்கிற பழக்கம், தானாக வருகிறது. அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். குலவையைக் கேட்டதும் அக்காவின் தோள் குலுங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அதுவரை அவளும் விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள். மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள்.

அப்போது படம் எடுக்கிறவர் கையை ஆட்டிக் கத்தினார். நிழல் விழுந்துவிட்டதாம், கயிறு தெரியவில்லையாம், மறுபடி கட்ட வேண்டுமாம். தலைவரே எழுந்து வந்தார். "கயித்த அவுருய்யா, அவுத்துட்டு இன்னொருக்காக் கட்டு" என்றார். செக்கர் அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிவிட்டது, வரவில்லை. தலைவர் தன் கையாலேயே அவிழ்த்தார். குலவை இட்ட பெண்கள் நடையில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆத்தாடி, கட்டுன கையோட அவுக்குறாகளே!" என்று ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். தலைவர் அவளைப் பார்த்து, "ஏ, போயி வேலையைப் பாருங்கடி" என்றார். பிறகு அக்காவின் பின்னலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார், செக்கர் மறுபடியும் கட்டினார், படம் விழுந்தது. ஓட்டல் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான். சாயங்காலம் சேலையையும் கவரிங் நகைகளையும் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கயிற்றை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதை அம்மாதான் அவிழ்த்து, என்ன செய்வது என்று தெரியாமல், வரும் வழியில் ஊருணித் தண்ணீரில் போட்டாள்.

மறுநாளே தெருவில் பெயர் வைத்துவிட்டார்கள். செலாவணி. "டேய், செலாவணி போகுதுடா" என்று சைக்கிள் கடைப் பையன்கள் கத்துவார்கள். "மாப்பிள்ளை டிக்கெட் போட்டாரா, ஓசிப் பயணமா?" என்று பெரிய ஆம்பிளைகளே கேட்டார்கள். அக்கா இதற்கெல்லாம் அழவில்லை, தை வரட்டும் என்று இருந்தாள். தையும் வந்தது. படம் போட்ட நோட்டீசை அதற்குள் அச்சடித்துவிட்டார்கள். ரயில் நிலையங்களில் ஒட்டினார்கள். கல்லலிலும் ரயில் நிலையம் உண்டு.

கல்லல் மாப்பிள்ளையின் பெரியப்பா பரிசத்துக்கு வர வேண்டிய நாளில் தனியாக வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, சுருட்டி வைத்திருந்த நோட்டீசை அப்பாவிடம் நீட்டினார். "இந்தாங்க, உங்க மக கல்யாணப் படம். தாலி கட்டுன பிள்ளைய எங்க வீட்டுக்கு எதுக்குய்யா பேசுனீக? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?" அப்பா எவ்வளவோ சொன்னார். நாடகம், மார்கழி, வெள்ளைக்காரன் என்று குழறினார். வந்தவர் கெட்ட மனிதர் இல்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். "நீங்க சொன்னா எங்க சனம் நம்பாது. படத்துல அச்சுல போட்டிருக்கான். உங்க முதலாளி ஒரு எட்டு கல்லலுக்கு வந்து, நாலு பேரு முன்னாடி, அது கல்யாணம் இல்ல, நாடகம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பரிசம் போட்டுருவோம்."

ஒரு வார்த்தை. அதைக் கேட்கத்தான் அப்பாவும் நானும் தலைவர் வீட்டுக்குப் போனோம். தலைவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அப்பா சொல்லி முடித்ததும், "எப்படிய்யா சொல்றது?" என்றார். "வந்தவுக கிட்ட நெசக் கல்யாணம்னு சொல்லித்தான் காட்டியிருக்கு. நோட்டீஸ்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. இப்ப நானே போயி நாடகம்னு சொன்னா நாளைக்குப் பேப்பர்ல வரும். எந்த வெள்ளைக்காரன் அப்புறம் இங்க வருவான்? நாட்டுப் பேரு என்னாகும்?" அப்பா, "எம் பிள்ளை பேரு, முதலாளி?" என்றார். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பிள்ளைக்காக நாடு நிக்க முடியுமாய்யா?" பிறகு கொஞ்சம் இறங்கி வந்து, ரொம்ப நல்ல காரியம் சொல்கிறவர் போலச் சொன்னார். "ஒண்ணு செய்யலாம். இனிமே வருசா வருசம் உம்ம மகளே வந்து உக்காரட்டும். சம்பளம் போட்டுத் தாரேன். இனிமே அவளுக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

எனக்கு அப்போது பேசத் தைரியமில்லை என்று நினைக்க வேண்டாம். பேசினேன். "உங்க மகளை உக்கார வைங்க" என்றேன். அப்பாதான் என் கன்னத்தில் அறைந்தார், தலைவர் கை ஓங்க வேண்டிய அவசியமே வரவில்லை. மறுநாள் காலையில் அப்பா வழக்கம் போல மில்லுக்கு நெல் அவிக்கப் போனார். அக்காவுக்குக் கல்லல் போயிற்று. அதற்கடுத்த மார்கழியிலிருந்து புதுக்கோட்டைப் பக்கமிருந்து நாடக நடிகை ஒருத்தியைக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆண்டுக்கு ஆண்டு வந்தாள், தாலி கட்டிக்கொண்டாள், வேஷத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். நடிகையை முதல் தடவையே கூப்பிட்டிருக்கலாமே என்று கமிட்டியில் ஒருவரிடம் பிற்பாடு கேட்டேன். "நடிகைக்கு அந்த வெட்கம் வராதும்மா. படத்துல தெரிஞ்சிரும்" என்றார். அக்காவிடம் அவர்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். வெட்கம். அதை எடுத்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நாடு வளரவில்லை என்று நான் சொல்லவில்லை. படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். வந்தவர்கள் காசு செலவழித்தார்கள். ரோடு வந்தது, தெருவிளக்கு வந்தது, ஓட்டல்கள் வந்தன. வௌவால் தொங்கிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். டாக்சி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை எனக்குத் தெரியும். ஆத்தங்குடித் தரைக்கல் கப்பலேறியது. என் தையல் கடைக்கே ஓட்டல் வேலைதான் பாதிச் சோறு போடுகிறது. அந்த டாலர் எங்கேயோ போய் உரமாகவும் எண்ணெயாகவும் திரும்பி வந்துதான் இருக்கும். சுற்றுலாவால் நாடு வளரும் என்று தலைவர் சொன்னது நடந்தது. ஆனால் அப்பா வேலை பார்த்த அதே மில்லில் ஒரு வழக்கம் உண்டு. நெல்லை அரைத்தால் அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு, தவிடு எவ்வளவு, உமி எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். உமி எங்கே போயிற்று என்று கேட்டு ஆளை வேலையை விட்டு நீக்கியவர் தலைவர். நாட்டு வளர்ச்சியை அரைத்தவர்கள் அரிசியை மட்டும் அளந்து காட்டுகிறார்கள். என் அக்கா எந்த மூட்டையில் போனாள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

செக்கருக்கு அந்த வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. ஆம்பிளைக்கு இதெல்லாம் ஒட்டாது. தலைவர் போய் முன்னின்று நடத்திக் கொடுத்தார். இரண்டு மூன்று வருஷம் கழித்துத் தேவகோட்டை ரோட்டில் லாரி மோதி அந்தச் செக்கர் செத்துப்போனார். அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். அந்த ஒரு விதவை ஊருக்குப் போதவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன அக்காவைப் பார்த்து ஒருத்தி, "ஏத்தா, செய்தி தெரியுமா? ஒன்னையக் கட்டுனவுக போயிட்டாகளாமே. தலை முழுகுனியா?" என்று கேட்டாள். இன்னொருத்தி, "செலாவணிக்கு ஏதுடி தீட்டு?" என்றாள். வரிசையே சிரித்தது. அக்கா குடம் நிறைகிற வரைக்கும் நின்றாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கொல்லைப்புறம் போய் உட்கார்ந்து, அந்தக் குடத்துத் தண்ணீரை அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டாள். நான் ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினேன். "அவன் யாருடி உனக்கு? எதுக்குடி முழுகுற?" என்று கத்தினேன். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "யாருமில்லைல்ல? அதான் முழுகுறேன். இதோட முடிஞ்சு போகட்டும்டி" என்றாள்.

முடியவில்லை. அவள் நினைத்தது, இந்தக் குளியலோடு அந்தக் கயிற்றுக்கும் தனக்கும் இருந்த கதை ஓய்ந்துவிடும் என்று. ஊர் எடுத்துக்கொண்டது வேறு. அதுவரை சந்தேகமாகப் பேசியவர்கள் நிச்சயமாகப் பேச ஆரம்பித்தார்கள். கட்டியது பொய் என்றால் ஏன் முழுகினாள்? ஒரு தரகர், தேவகோட்டையில் மனைவியை இழந்த ஒருவருக்காக அக்காவைக் கேட்டு வந்தார். வயது கூட, இருந்தாலும் அம்மா சம்மதித்தாள். இரண்டு நாளில் தரகர் திரும்பி வந்து, "தாலி அறுத்த பிள்ளையாமேம்மா. தலை முழுகுச்சாமே. முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று எங்களைத் திட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு யாரும் வரவில்லை.

அக்கா என்னோடுதான் இருந்தாள். கடையில் கொக்கி வைப்பாள், பட்டன் தைப்பாள். என் கல்யாணத்தன்று மணவறைப் பக்கம் அவள் வரக் கூடாது என்று என் மாமியார் வீட்டில் சொன்னார்கள். நான் எழுந்துவிடுவேன் என்று சண்டை போட்டேன். அக்காவே என்னை உட்கார வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். எந்தத் தெருவில் குலவைச் சத்தம் கேட்டாலும் ஊசியை வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போவாள். சத்தம் ஓய்ந்ததும் வந்து மறுபடி உட்கார்ந்து தைப்பாள். கடைசி வரைக்கும் அப்படித்தான். சிரிக்காதவள் என்று நினைக்க வேண்டாம். டாக்சியிலிருந்து இறங்கி எங்கள் கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்களுக்கு ரவிக்கை அளவெடுக்கும்போது, "உங்களுக்குப் பட்டன் தைக்கவா இந்த நாடு வளந்துச்சு?" என்று தமிழில் கேட்டுச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள்.

போன வருஷம் செத்தாள். பிணத்தை நடுவீட்டில் கிடத்திக் குளிப்பாட்ட வந்த பெண்கள் கையை வைக்காமல் நின்றார்கள். பொட்டு வைக்கலாமா கூடாதா என்று பேச்சு. "கன்னியாப் போறவளுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்கணும்ல?" "கன்னின்னு எப்படிச் சொல்லுவ? கழுத்துல ஏறுச்சே." "அறுத்தவளுக்கு எதுக்குப் பூவு?" அவள் கேட்கும்படி பேசிப் பேசிப் பழகிய வாய்கள், செத்த பிறகும் தலைமாட்டில் நின்றே பேசின. நான் அவர்களை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். முகத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். நெற்றியில் என் பெருவிரல் அளவுக்குக் குங்குமம் வைத்தேன். தலை நிறையப் பூ வைத்தேன். "இவ என்னடி செய்யுறா?" என்றாள் ஒருத்தி. "வாயை மூடிக்கிட்டு வெளிய போங்கடி" என்றேன். என் வீடு, போனார்கள்.

மெத்தை உறைகளோடு நான் ஓட்டலுக்குப் போன அன்று அங்கே ஒரு விழா. சுற்றுலாவுக்குப் பாடுபட்டவர் என்று தலைவருக்குப் பாராட்டு. தொண்ணூறை நெருங்கிவிட்டார், சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. மைக்கைப் பிடித்து, "வெள்ளைக்காரன நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு உக்கார வச்சவன் நான். நாடு தலையெடுக்க நம்ம ஊரும் தோள் குடுத்துச்சு" என்றார். நம்ம வீட்டுக் கல்யாணம்! நான் பின்வரிசையிலிருந்து எழுந்து, ஒரு கேள்வி இருக்கிறது என்றேன். நேரமாகிவிட்டது, எழுதிக் கொடுங்கள் அம்மா என்றார்கள்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். இதுதான் அது.

தலைவரே, சுவரில் தொங்கும் படத்தில் என் அக்காவின் பின்னலைப் பிடித்திருக்கும் கை உங்களுடையது. கடிகாரம் மாறியிருக்கலாம், கை மாறவில்லை, அன்று மைக்கைப் பிடித்திருந்தபோது பார்த்தேன். வெள்ளைக்காரரிடம் அது நிஜக் கல்யாணம் என்றீர்கள். என் அப்பாவிடம் நாடகம் என்றீர்கள். இரண்டும் ஒரே வாயால் சொன்னது. நாடகம் என்றால் என் அக்கா கன்னியாகவே செத்தாள், கல்லலில் வந்து சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை மென்று விழுங்கியவர் நீங்கள். கல்யாணம் என்றால் கட்டிய தாலியை மணவறையிலேயே கையால் அவிழ்த்தவர் நீங்கள். உங்களுக்கு நாள் அதிகமில்லை, எனக்கும்தான். அதே ஓட்டலில், அதே கூட்டத்தைக் கூட்டி, அந்தப் படத்துக்குக் கீழே உங்கள் நாற்காலியை நிறுத்தச் சொல்லுங்கள். மைக்கை வாங்கி ஊர் கேட்கச் சொல்லுங்கள்: நீங்கள் முன்னின்று நடத்தியது கல்யாணமா, நாடகமா?